முடுக்குச் சன்னலின் பச்சை

ரிப்பேர் வேலைக்கு வந்த இசக்கி ஸ்க்ரூடிரைவரைச் சன்னலின் கீழ்ச்சட்டத்தில் வைத்து லேசாக ஒரு அழுத்து அழுத்தினான். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பண்டிகைக்கு வெட்டும் கேக்கில் கத்தி இறங்குமே, அப்படி இறங்கியது.

"யக்கா, இதுல மரம்னு ஒண்ணும் இல்ல. பெயிண்டு மட்டுந்தான் நிக்குது" என்றான்.

உளுத்த தூளைச் சுரண்டி வெளியே எடுத்தான். ஈர மரத்தின் புளித்த வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் மெல்ல எழும்பி வந்தது. சுறா எண்ணெய். நான் குனிந்து சட்டத்தில் மூக்கை வைத்தேன். அறுபது வயதில், மூக்குக் கண்ணாடியோடு, உளுத்துப்போன சன்னலை மோந்து பார்க்கிற பொம்பளையை இசக்கி என்ன நினைத்தானோ தெரியாது. வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

தூத்துக்குடியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரராக இருந்தால் ஒரு சைக்கிளை எங்கள் முடுக்கில் ஒரு மழைக்காலம் நிறுத்தி வைத்துப் பாருங்கள், தெரியும். (முடுக்கு என்றால் சந்து. எங்கள் முடுக்கில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும்.) உப்பு முதலில் இரும்பைத் தின்னும், அப்புறம் மரத்துக்கு வரும். போதாக்குறைக்கு, கொஞ்ச வருசத்துக்கு முன்னால் அந்தப் பெருமழை வந்தபோது முடுக்குக்குள் தண்ணீர் ஏறி, வடியாமல் நாள் கணக்கில் நின்றது. அம்மாவைக் கட்டிலோடு தூக்கிச் செங்கல் மேல் வைத்தோம். அன்றைக்குச் சன்னலின் அடிச்சட்டம் குடித்த தண்ணீர் பிறகு காயவே இல்லை போலிருக்கிறது.

முதலில் நான் ரிப்பேர்தான் பார்க்கச் சொன்னேன். உளுத்ததை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு நல்ல மரத்தில் ஒட்டுக்கட்டை வைத்து, இடுக்கில் பசையும் மரத்தூளும் அடைத்துவிட்டால் போதும் என்பது என் கணக்கு. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் அப்படித்தான் செய்தார், பத்து நிமிசத்தில் முடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். இசக்கியும் அறுத்துப் பார்த்தான். கீழ்ச்சட்டம் முழுக்கப் போயிருந்தது. இரண்டு பக்கச் சட்டங்களிலும் முழங்கை உயரத்துக்கு ஏறியிருந்தது. சுவரில் பதிந்திருந்த முனைகளைக் கையாலேயே கிள்ளி எடுத்தான். "ஒட்டுறதுக்கு நல்ல எடம்னு ஒண்ணு வேணுமேக்கா" என்று சொல்லிவிட்டு, யூ.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் சன்னல் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். எல்லாம் வெள்ளை.

அறுத்துப் போட்ட துண்டில் பெயிண்ட் ஒரு பொருக்காக உரிந்து கையோடு வந்தது. அதன் ஓரத்தைப் பார்த்தேன். மேலே பச்சை, வெயிலில் செத்துப்போன பச்சை. அதற்குக் கீழே இன்னும் பச்சை, அதற்குக் கீழே சிவப்பு, பிறகு ஒரு காவி நிறம், அடியில் மறுபடி சிவப்பு. அப்பா வேலை பார்த்த தோணிகள் எல்லாம் வரிசையாக அதில் இருந்தன.

புரியவில்லைதானே? சொல்கிறேன்.

எங்கள் முடுக்கில் ஆம்பளைகள் பெரும்பாலும் தோணிக்காரர்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போகிற பெரிய மரத் தோணிகள், அந்தக் காலத்தில் பாயிலேயே ஓடினவை. காற்று சரியில்லாத மாதங்களில் அவற்றைக் கரையேற்றிவிடுவார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சு அடித்து, எண்ணெய் பூசி, மேல்பலகைக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு நிறம். இந்த வேலை முடிகிற சமயமும் மாதா கோயில் கொடியேற்றமும் ஒன்றாக வரும். கொடியேற்றத்துக்கு முன்னால் வீட்டுச் சன்னலுக்குப் பெயிண்ட் அடிக்காவிட்டால் வேற்றுமதத்துக்காரர்களைப் போலப் பார்ப்பார்கள். எனவே தோணியில் மிஞ்சின பெயிண்ட் டின் வீட்டுக்கு வரும். பச்சைத் தோணிக்காரர் வீட்டுச் சன்னல் பச்சை, நீலத் தோணிக்காரர் வீட்டுச் சன்னல் நீலம். யாரும் போட்ட சட்டம் இல்லை, ஓசியில் வருகிற பெயிண்ட், அவ்வளவுதான். ஆனால் நாளடைவில் அதுவே விலாசம் ஆகிவிட்டது. புதிதாக வந்தவர் கேட்டால்கூட, "மஞ்சச் சன்னல் வீட்டுக்கு எதுத்த வீடு" என்றுதான் சொல்வோம். எந்த வீட்டு ஆம்பளை எந்தத் தோணியில் இருக்கிறான் என்பதைச் சன்னலைப் பார்த்தே ஊர் தெரிந்துகொண்டது.

டின்னில் மிஞ்சினது போதாது என்று அப்பா அதில் சுறா எண்ணெயைக் கலந்து நீட்டுவார். அதனால் கொடியேற்றம் முடிந்து ஒரு வாரத்துக்கு முடுக்குப் பூனைகளெல்லாம் எங்கள் சன்னலை நக்கிக்கொண்டு நிற்கும். அம்மா விளக்குமாறோடு காவல். பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர், சன்னல் என்ற சொல்லே போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து தந்தது என்று சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். "சொல்லத் தந்தவன் பூனைய வெரட்டவும் ஒரு ஆளத் தந்துட்டுப் போயிருக்கலாம்லா" என்றாள் அம்மா.

எதிர்வீடு மஞ்சள் சன்னல். அது தொம்மை மாமா வீடு. மாமாவுக்கும் எங்களுக்கும் சொந்தம் கிடையாது, ஆனால் அவர் மனைவி ஞானம் மாமி என் அப்பாவை அண்ணன் என்றும் அம்மாவை மைனி என்றும் கூப்பிட்டுப் பழகி, சொந்தமாகவே ஆகிவிட்டாள். வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது சில வருசம்தான் ஆகியிருக்கும், இடுப்பில் ஒரு பையன். அவர்கள் வீட்டில் முன்னறைதான் குசினியும். அடுப்பு சன்னலுக்கு அடியில். எங்கள் சன்னலும் அவர்கள் சன்னலும் முகத்துக்கு முகம். இங்கிருந்து அம்மா கையை நீட்டுவாள், அங்கிருந்து மாமி நீட்டுவாள், நடுவில் குழம்புக் கிண்ணம் கைமாறும். கருவேப்பிலை, தீக்கங்கு, உப்பு, ஊர்ப்பேச்சு எல்லாம் அந்த வழியில்தான். வாசலைச் சுற்றிக்கொண்டு போவது விசேச வீட்டுக்குப் போவது மாதிரி. எனக்குக் காய்ச்சல் வந்தால் மாமி கொடுக்கிற ரொட்டித் துண்டும் சன்னல் வழியாகத்தான் வந்தது. மாமி சிரித்தால் அடுப்புப் புகையோடு சேர்ந்து சிரிப்பும் எங்கள் வீட்டுக்குள் வரும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனுசர், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அந்த வருசம் பச்சைத் தோணியில் இருந்தார். கொடியேற்றத்துக்குச் சன்னலும் பச்சை ஆனது. ஓட்டம் ஆரம்பித்து ஒன்றிரண்டு நடை போய்வந்த பிறகு, சரக்கு ஏற்றிக்கொண்டு நிற்கும்போது, தோணியின் தலைவரான தண்டலோடு சண்டை. எதற்கு என்கிறீர்கள்? மற்றவர்களுக்கு முதல் கொதித் தேயிலை, தனக்கு மட்டும் சண்டியை, அதாவது வடிகட்டின சக்கையை, மறுபடி கொதிக்க வைத்தது. அதற்குத்தான். தம்ளரைக் கடலில் வீசிவிட்டு இறங்கி, பக்கத்தில் நின்ற நீலத் தோணியில் ஏறிவிட்டார். அது மறுநாளே கிளம்பிவிட்டது. அதற்கு முன்னால் சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தவர் அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். அம்மாவுக்கு மானம் போனது. தேயிலைக்குச் சண்டை போட்ட ஆளின் பெண்டாட்டி என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞானம் மாமியிடம் மட்டும் சொன்னாள். சன்னல் வழியாகத்தான். மாமா போகிற மஞ்சள் தோணி அப்போது அடிப்பலகை போய்க் கரையில் கிடந்தது, மாமா வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். "ஏளா ஞானம், பச்சையில அவிய எடம் காலியாத்தான் கெடக்கு. தொம்மையப் போயிக் கேக்கச் சொல்லேன்" என்றாள் அம்மா. நான் அப்போது சன்னலோரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். மாமி முகம் மலர்ந்துபோனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று சாயங்காலமே தொம்மை மாமா துணி மூட்டையோடு கிளம்பினார். எங்கள் சன்னலைத் தட்டி, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பச்சையில் போகிறார் என்பது முடுக்கில் எங்கள் இரண்டு வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மழைக்காலம் தொடங்கிக் கடல் கறுத்துக் கிடந்த ஒரு காலையில் செய்தி வந்தது. வேறொரு தோணியில் வந்து கரையிறங்கினவர்கள் சொன்னார்கள், பச்சைத் தோணி மூழ்கிப் போய்விட்டது, ஆள் யாரும் மிஞ்சவில்லை என்று. செய்தி கடற்கரையிலிருந்து முடுக்குக்கு ஓடிவந்தது. ஓடிவந்த பெண்கள் எங்கே போவார்கள்? பச்சைச் சன்னல் வீட்டுக்குத்தான் போவார்கள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு கத்தினார்கள். மீன்கூடையை வாசலில் போட்டுவிட்டு வந்த ஒருத்தி என்னை இறுக்கிப் பிடித்து, "ஒங்க அப்பன் போயிட்டானே மக்கா" என்று என் தலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். எனக்கு மூச்சு முட்டியது. மஞ்சள் சன்னல் வீட்டுப் பக்கம் ஒருத்திகூடத் திரும்பவில்லை. மஞ்சள் தோணிதான் கரையில் பத்திரமாகக் கிடக்கிறதே, அதை எல்லோரும் தினமும் பார்க்கிறார்களே.

அம்மா முதலில் அந்தப் பிடிக்குள் திணறினாள். என்ன சொல்கிறார்கள் என்று விளங்க அவளுக்குச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எழுந்து நின்று கத்தினாள். அழுகையும் சிரிப்பும் கலந்த குரல்.

"ஏளா, அவிய அதுல இல்லளா! அவிய நீலத்துலலா போயிருக்காவ! எங்க வீட்டு ஆளு பொழச்சிட்டாவ! மாதாவே, எங்க வீட்டு ஆளு பொழச்சிட்டாவ!"

முடுக்கு முழுக்கக் கேட்டிருக்கும். பெண்களின் அழுகை அப்படியே நின்றது. ஒருத்தி சிரித்தேவிட்டாள். இன்னொருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்றாவது ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள். "அப்பம் பச்சையில அண்ணன் எடத்துக்கு யாரு போனா?"

அம்மா சன்னல் பக்கம் திரும்பினாள். நானும் திரும்பினேன். எதிர்ச்சன்னலில் ஞானம் மாமி கையில் அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது. அவள் அழவில்லை. அம்மாவையே பார்த்தாள். பிறகு அகப்பையை வைத்துவிட்டு, சன்னல் கதவு இரண்டையும் உள்ளே இழுத்து, மெல்லச் சாத்தினாள். கொண்டி விழுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வாசல் வழியாகத்தான் நடந்தது. அம்மாதான் முதலில் ஓடினாள். மாமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தாள். மாமாவின் உடல் கிடைக்கவில்லை, சவப்பெட்டி இல்லாமலேயே பூசை வைத்தார்கள். துக்கம் கழிகிற வரைக்கும் அந்த வீட்டுக்குச் சோறு எங்கள் வீட்டு அடுப்பிலிருந்துதான் போனது. அப்பா கொழும்பிலிருந்து வந்து இறங்கி, செய்தி கேட்டு, மாமி வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்தவர் பொழுது சாயும் வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் யாரோடும் சண்டை போட்டதில்லை. வயதாக ஆக மனுசருக்குக் குணம் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் மாமியும் பேசாமல் இல்லை. குழாயடியில் பேசினார்கள், கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ஒருத்தி வீட்டு விசேசத்துக்கு இன்னொருத்தி முதல் ஆளாகப் போய் வெங்காயம் உரித்தாள். அந்தக் காலையைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. மஞ்சள் சன்னலும் திறக்கவே இல்லை.

புகை போக வழியில்லாத குசினியில் மாமி சமைத்தாள். வாசல் வழியாகப் புகை வெளியே வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அடுத்த கொடியேற்றத்துக்கு அப்பா நீலப் பெயிண்ட் டின்னைக் கொண்டுவந்தார். அம்மா அதைத் தொட விடவில்லை. கொல்லைப் பக்கத்துச் சன்னலுக்கு அடித்துக்கொள்ளச் சொன்னாள். முடுக்குப் பக்கத்துச் சன்னல் பச்சையாகவே இருந்தது. அதற்கடுத்த வருசமும் அப்படியே. அப்பா காரணம் கேட்கவில்லை. எனக்குக் கலியாணம் நிச்சயமாகி வீடு முழுக்க வெள்ளையடித்தபோதும் அந்த ஒரு சன்னலை விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது நல்லாவா இருக்கும் என்று நான் கோபித்துக்கொண்டேன். அப்போதுதான் அம்மா சொன்னாள், ஒரே ஒரு தடவை.

"நீலம் அடிச்சா என்ன அர்த்தம்? எம் புருசன் பொழச்சிட்டாருன்னு அவ கண்ணு முன்னால எழுதி ஒட்டுன மாதிரிலா இருக்கும். ஒரு தடவ வாயால கத்துனது போதாதா? அவ என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சாத்துனா. அவளா என்னைக்குத் தொறக்காளோ, அன்னைக்கு அடிச்சுக்கிடலாம்."

கலியாணமாகி மதுரைப் பக்கம் போனேன், பிள்ளைகளை வளர்த்தேன், வேலை பார்த்தேன். வரும்போதெல்லாம் அந்தப் பச்சை வெளிறிக்கொண்டே இருந்தது. பெயிண்ட் காணாத மரத்தில் உப்பு தன் வேலையைப் பார்த்தது. அப்பா போனார். என் வீட்டுக்காரரும் போன பிறகு அம்மாவோடு இருக்க நான் திரும்பி வந்தேன். அம்மா சன்னலுக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டாள். கடைசி நாட்களில் என்னை அடையாளம் தெரியாமல் "நீ யாரு?" என்று கேட்பாள். ஆனால், "எதுத்த சன்னலு தொறந்திருக்கா?" என்று கேட்க மட்டும் மறக்கவில்லை. "இல்லம்மா" என்பேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது நாக்கு வரவில்லை. போன தவக்காலத்தில் அம்மா போனாள். ஞானம் மாமி பையன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, பெட்டி எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மாமிக்கு அப்போதே பார்வை மங்கிவிட்டது. சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். புகை என்று முடுக்கில் சொன்னார்கள்.

இசக்கி கடப்பாறையால் நிலையைச் சுவரிலிருந்து பெயர்த்தபோது முடுக்கே அதிர்ந்தது. மாமி சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏளா, என்ன இந்த இடி இடிக்கான்?"

"சன்னல் மாமி. அடிச்சட்டம் உளுத்துட்டு. மாத்துதோம்."

"எந்தச் சன்னலு?"

"முடுக்குப் பக்கத்துது."

"பச்சையவா?"

"ஆமா மாமி."

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. அங்கன சாத்தி வச்சிருக்கு."

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒங்க அம்ம இருக்குற வரைக்கும் மாத்தலியே" என்றாள். குரலில் குறை ஒன்றும் இல்லை, யோசனைதான் இருந்தது. சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். நீலம் அடிக்க அம்மாவுக்கு ஏன் மனம் வரவில்லை என்பதையும், எதிர்ச்சன்னல் திறக்கட்டும் என்று அவள் காத்துக் கிடந்ததையும், கடைசியாகக் கேட்ட கேள்வியையும்.

"கோட்டிக்காரி" என்றாள் மாமி, பைத்தியக்காரி என்று அம்மாவைச் செல்லமாக வைவது போல. "கோவத்துலயா சாத்துனேன்னு நெனச்சா?"

"பொறவு எதுக்கு மாமி சாத்துனீங்க?"

"புருசன் பொழச்சிட்டாருன்னு ஒருத்தி சந்தோசமா கத்துதா. எதுத்தாப்புல என் மூஞ்சி நின்னா அவளுக்கு அந்தச் சந்தோசம் தங்குமா? மைனி ரெண்டு நிமிசமாவது நிம்மதியா இருக்கட்டும்னுதான் சாத்துனேன்."

முடுக்கில் யாரோ ஸ்கூட்டரில் வந்து, எங்களைத் தாண்டிப் போக ஹாரன் அடித்தார்கள். காலை மடக்கிக்கொண்டோம்.

"அப்புறமாத் தொறந்திருக்கலாமே மாமி?"

"தொறக்கத்தான் பாத்தேன். இடுக்கு வழியா எட்டிப் பாத்தா பச்சை. அவுக ஏறிப்போன நெறம். அதப் பாத்துக்கிட்டு எப்பிடிளா சோறு பொங்க? அடுத்த கொடியேத்தத்துக்கு எப்பிடியும் நெறம் மாத்திருவாவ, அப்பம் தொறப்போம்னு இருந்தேன். மாத்தல. சரி, வார வருசம் மாத்துவாவன்னு இருந்தேன். ஒவ்வொரு கொடியேத்தத்துக்கும் எட்டிப் பாப்பேன். பொறவு கதவும் இறுகிப் போச்சு, கண்ணும் போச்சு."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். இவள் திறந்தால் மாற்றலாம் என்று ஒருத்தி, அவள் மாற்றினால் திறக்கலாம் என்று ஒருத்தி. நடுவில் இருந்தது ஒரு கை நீட்டினால் எட்டுகிற தூரம். தினமும் குழாயடியில் பேசிக்கொண்ட இரண்டு பெண்கள்! என் அம்மாவை எழுப்பிச் சொல்ல முடியாதே என்பதுதான் அன்று முழுக்க என்னை அறுத்தது.

வெள்ளைச் சன்னல் அளவெடுத்துச் செய்து அடுத்த வாரம் வந்தது. அதுவரை ஓட்டையில் தார்ப்பாய் கட்டியிருந்தோம். இசக்கி அதைப் பொருத்தி, ஓரத்தில் பசை பீய்ச்சி, ஒரு விரலால் தள்ளினால் நகர்கிறது என்று பெருமையாகக் காட்டினான். உப்பு தொடாது, உளுக்காது, பெயிண்டே வேண்டாம் என்றான். அவன் சொன்னதெல்லாம் உண்மைதான்.

எதிர்வாசலில் நின்று மாமி குரல் கொடுத்தாள். "ஏலே தம்பி, அங்க முடிச்சிட்டா அந்த உளியோட இங்கன வா. இந்தச் சன்னலத் தொறந்து குடு."

நான் எங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மஞ்சள் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக முடுக்கில் உதிர்ந்தது. கொண்டி துருவேறி ஒட்டிப்போயிருந்தது. "ஆச்சி, கதவு கையோட வந்துரும் போலிருக்கே" என்று இசக்கி சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பக்கக் கதவு முழுசாகப் பெயர்ந்து அவன் கையில் வந்துவிட்டது. அந்த இருட்டுக் குசினிக்குள் வெயில் விழுந்தது. நடுவில் மாமி நின்றாள். நரைத்த தலை, சுருங்கிய முகம். நான் பதினொரு வயதில் பார்த்த அதே இடம்.

முடுக்கை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தேன். பாய்மரத் தோணிகள் எப்போதோ போய்விட்டன. மிச்சமிருக்கிற தோணிகளும் மோட்டாரில் ஓடுகின்றன, அவற்றில் போகிறவர்கள் எங்கள் முடுக்கில் யாரும் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டுக் கப்பலில் இருக்கிறார்கள், துபாயில் இருக்கிறார்கள், சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறார்கள். இப்போது எந்த வீட்டுச் சன்னலைப் பார்த்தும் அந்த வீட்டு ஆள் எங்கே இருக்கிறான் என்று சொல்ல முடியாது. எல்லாம் வெள்ளை, இல்லாவிட்டால் அலுமினியம்.

மாமி கண்ணைச் சுருக்கி எங்கள் பக்கம் பார்த்தாள்.

"ஏளா, எனக்கு மசமசன்னு ஒரு வெளிச்சந்தான் தெரியுது. என்ன நெறம் போட்டிருக்க?"

"வெள்ளை மாமி."

"வெள்ளையா?" அவள் நெற்றியைச் சுளித்து யோசித்தாள். எங்கள் கடற்கரையில் நின்ற தோணிகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"வெள்ளைன்னா எந்தத் தோணிளா?"

"எந்தத் தோணியும் இல்ல மாமி" என்றேன். "கடையில வாங்குனது."